வெயிட் இல்லாத குக்கரும் மன்சனீட்டா ஏரியும்

முதல் நாள் – வெள்ளி

ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்ட்டில் வண்டி நகரும்போது மணி எட்டு. இந்த இரண்டு மணி நேரக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

வண்டியில் நான்கு பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார். அத்தைக்கு மூட்டு வலி. "கக்கூஸுக்கு ராத்திரியில டார்ச் அடிச்சிக்கிட்டு நடக்கணுமா? நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மச்சினி வீட்டில் தங்கிக்கொண்டார். ஆனால் சாமான் பை முழுக்க அவர் கட்டியதுதான். அரிசி, துவரம்பருப்பு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஃபில்டர், மூன்று லிட்டர் குக்கர்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் 34 வருஷம். ஒயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். கம்பம் ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டவர் என்று கல்யாணத்தின்போது யாரோ சொன்ன ஜோக்கை இன்னும் அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவரை நான் அழைத்துப் போவது மின்சாரமே இல்லாத ஒரு கேபினுக்கு. அந்த விவரத்தை, வழியில் வரும் வில்லியம்ஸ் என்ற ஊரைத் தாண்டும் வரை நான் சொல்லவில்லை.

போகும் இடம் லாசென் எரிமலைத் தேசியப் பூங்கா, கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலை. யோசெமிட்டி தெரிந்த அளவுக்கு நம் ஆட்களுக்கு இது தெரியாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். பூங்காவின் வடமேற்கு வாசலை ஒட்டி மன்சனீட்டா ஏரி. பக்கத்து முகாமில் 2011-இல் கட்டிய 20 மரக் கேபின்கள். பிப்ரவரியிலேயே ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் சாக்ரமென்டோ சமவெளி வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் நெல். மாமா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இங்கே விமானத்தில் பறந்து விதை தூவுவார்கள் என்றேன். "அப்ப நாத்து நட ஆளே வேணாம்னு சொல்லுங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "களை எடுக்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரெட்டிங்கில் 42 டிகிரி. பெட்ரோல் போட்டு, ஐஸ் வாங்கி, 44-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து சுமார் 50 மைல், எல்லாம் ஏற்றம். ஷிங்கிள்டவுன் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினோம். வெயிலில் சூடான பைன் மரத்தின் வாசனை வண்டிக்குள் வந்தது. வாசலில் 30 டாலர் கட்டி உள்ளே நுழைந்தபோது மதியம் மூன்று மணி.

கேபின் ஒற்றை அறை. மரச் சுவர், மரத் தரை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள், மெத்தை, மூலையில் ஒரு காஸ் ஹீட்டர், ஒரு லாந்தர். அவ்வளவுதான். போர்வை, தலையணை எல்லாம் நம்முடையது. வெளியே ஒரு மர மேசை, விறகு எரிக்க இரும்பு வளையம், கரடிப் பெட்டி. சமையல் வெளியேதான். தண்ணீருக்குப் பொதுக் குழாய். குளிக்க வேண்டுமானால் முகாம் கடைப் பக்கம் போய்க் காசு கொடுத்துக் குளிக்க வேண்டும்.

மாமா உள்ளே வந்து முதலில் கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். சுவரை ஒரு சுற்றுத் தடவினார்.

"சுவிட்ச் எங்க மாப்பிள்ளை?"

"இல்லைங்க மாமா."

"மீட்டரு?"

"கனெக்ஷனே இல்லைங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்து வாடகையைக் கேட்டார். சொன்னேன். ரூபாயில் மாற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"குடிசைக்கு ஒரு விளக்குன்னு வீடு வீடாப் போயி ஓசியில இழுத்துக் குடுத்தோம். இங்க கரண்டு இல்லாததுக்குத் தனியாக் காசு" என்றார். கோபமில்லை. ஒரு துறைசார்ந்த வியப்பு மட்டும்.

கரடிப் பெட்டி என்பது இடுப்புயரப் பழுப்பு நிற இரும்புப் பெட்டி. கதவில் ஒரு மூடிய பிறை மாதிரி இருக்கும். அதற்குள் விரல்களை மேல்நோக்கி நுழைத்து உள்ளே இருக்கும் கொக்கியை அமுக்கினால் திறக்கும். மனிதக் கை நுழையும், கரடியின் பாதம் நுழையாது. சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவுமே ராத்திரியில் வண்டியிலோ வெளியிலோ இருக்கக் கூடாது. பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய் என ஒவ்வொன்றாக மகள் அடுக்கினாள். புளிக்காய்ச்சல் பாட்டிலை மூன்று கவர் போட்டுச் சுற்றினாள். "தாத்தா, உங்க திருநீறு?" என்று கேட்டாள். மாமா சம்படத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் கரடி வராது தாயி" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ராத்திரி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம். ஒன்பது மணிக்கு மேல் கழிப்பறைக்கு நடந்தபோது டார்ச் வெளிச்சத்தில் நான்கு பச்சைக் கண்கள். இரண்டு மான்கள். நாங்கள் நின்றோம், அவை நிற்கவில்லை. தின்றுகொண்டே போய்விட்டன.

இரண்டாம் நாள் – சனி

விடியற்காலை நன்றாகவே குளிர்ந்தது. ஹீட்டரை மாமாதான் பற்ற வைத்தார். கரண்டு இல்லாவிட்டாலும் திருக ஏதோ ஒன்று கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. இரண்டு மைல்கூட இல்லை. மேடு பள்ளமும் இல்லை. சீக்கிரம் போய்விட வேண்டும், காற்று எழும்புவதற்கு முன்னால். ஏழு மணிக்கு ஏரி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் லாசென் சிகரம், 10,457 அடி. ஆகஸ்டிலும் மேலே சில பனித் திட்டுகள். மலை இரண்டு: ஒன்று மேலே, ஒன்று தலைகீழாகத் தண்ணீரில். ஒரு வாத்து வந்து கீழ் மலையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. கிழிசல் மூடுவதற்குள் அடுத்த வாத்து.

"இந்தத் தண்ணி எங்க மாப்பிள்ளை இறங்குது?" என்றார் மாமா. மேகமலையில் மணலாறு, வெண்ணியாறு என்று அணை அணையாகத் தேங்கும் தண்ணீர் சுருளியாறு மின் நிலையத்துக்கு இறங்குவதைப் பார்த்த கண். ஏரி என்றால் கீழே டர்பைன் இருக்க வேண்டும் அவருக்கு.

"அணையை யாரு கட்டினது?"

நல்ல கேள்வி. இந்த ஏரியை முதலில் கட்டியது மலைதான். வடகரையில் நின்று பார்த்தால் வெளிர் இளஞ்சிவப்பில் சில மொட்டை முகடுகள் தெரியும். கேயாஸ் கிராக்ஸ் என்று பெயர். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் கெட்டியான எரிமலைக் குழம்பு பிதுங்கி உறைந்து நின்ற குவிமாடங்கள். சுமார் 350 வருஷத்துக்கு முன் அவற்றில் ஒரு பக்கம் இடிந்து சரிந்தது. பாறைகள் மைல் கணக்கில் ஓடி வந்து மன்சனீட்டா ஓடையை மறித்துக்கொண்டு நின்றன. ஓடை தேங்கி ஏரி ஆனது. நாம் போட்டோ எடுக்கும் அமைதி எல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பின்னால் தேங்கியதுதான்.

இன்னொரு விஷயம். ஏரிக் கரையில் முன்பு பெரிய தங்கும் விடுதி இருந்தது. அந்த முகடுகள் மறுபடி சரியக்கூடும் என்று நிலவியலாளர்கள் எச்சரித்ததால் 1974-இல் மூடிவிட்டார்கள். விடுதி போய், பல வருஷம் கழித்து வந்தவைதான் இந்தக் கேபின்கள். இதை நடந்துகொண்டே சொன்னேன். மனைவி நின்று முகட்டைப் பார்த்துவிட்டு, "இதை நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

கரையில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். ஒரு ட்ரவுட் மாட்டியது. தண்ணீருக்கு மேலே தூக்காமலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டார். இந்த ஏரியில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாக வேண்டும். மண்புழு கூடாது, செயற்கைப் பூச்சி மட்டும். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. மாமா இந்தச் சட்டத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு நாள் முழுக்க, யாரைப் பார்த்தாலும் இல்லை, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "விடுறதுக்கா புடிக்கிறாங்க?" என்றார்.

சரி, குக்கர்.

மதியம் சாம்பார் வைப்பதாகத் திட்டம். மனைவி பருப்பைக் களைந்து போட்டு, குக்கரை மூடி, பையில் கைவிட்டுத் துழாவினாள். பிறகு பையைக் கவிழ்த்தாள். வெயிட் இல்லை. குக்கர் இருக்கிறது, காஸ்கெட் இருக்கிறது, வெயிட் மட்டும் இல்லை. அத்தையைக் கேட்கலாம் என்றால் எங்கள் போனில் சிக்னல் இல்லை.

"வெந்துரும், கொஞ்ச நேரம் ஆகும், அவ்ளோதான்" என்றேன். வேகவில்லை. ஏரி இருப்பது ஏறக்குறைய 5,900 அடி உயரத்தில். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். ஊரில் குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறும் வெப்பத்தில் நான்கு விசிலில் மசிகிற பருப்பு, இங்கே முக்கால் மணி நேரம் கழித்தும் விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. காஸ் சிலிண்டர் லேசாகிக்கொண்டே வந்தது.

மாமா குனிந்து மூடியின் ஓட்டையைப் பார்த்தார். ஆவி குச்சி மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து, உள்ளங்கையில் எடை பார்த்து, "இத மேல வச்சா நிக்கும்" என்றார்.

"அப்பா!" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் கல் கீழே விழுந்தது.

நிமிர்ந்து நிற்கும் பருப்போடு ரசம் மாதிரி ஒன்றைச் சாப்பிட்டோம். சோறும் கொஞ்சம் விறைப்புதான். மகள் பருப்புகளை ஓரமாகப் பொறுக்கி வைத்து எண்ணினாள்.

சாயங்காலம் ஏரிக்கு எதிரே இருக்கும் லூமிஸ் அருங்காட்சியகம். எரிமலைக் கற்களால் கட்டிய சின்னக் கட்டடம். 1914-இல் லாசென் விழித்தபோது அதைப் படம் எடுத்தவர் பி. எஃப். லூமிஸ். கண்ணாடித் தகடு மாட்டும் பெரிய காமிராவோடு காத்திருந்து, ஜூன் 14 அன்று வெடிப்பை அடுத்தடுத்துப் பிடித்தார். ஆறு படங்கள். முதல் படத்தில் சிகரத்தில் ஒரு முடிச்சுப் புகை. கடைசியில் மலையே தெரியாது. அவரும் மனைவி எஸ்டெல்லாவும் 1920-இல் இறந்துபோன தங்கள் ஒரே மகள் மேயின் நினைவாக 1927-இல் இதைக் கட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து நிலத்தோடு சேர்த்துப் பூங்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். படங்களைப் பார்க்க வந்தவன் அந்தப் பெண்ணின் பெயர் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

லாசென் என்ன வகை எரிமலை என்பதை மாமாவுக்கு விளக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. குழம்பு ஓடாமல் வாயிலேயே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் ரகம். உலகத்திலேயே பெரிய அடைப்புக் குவிமாடங்களில் ஒன்று. 1915 மே மாதம் புதிதாக வந்த குழம்பும் அப்படியே வாயில் உறைந்தது. 19-ஆம் தேதி ராத்திரி வெடிப்பில் அது உடைந்து, பனியோடு சேர்ந்து சேறாகச் சரிந்தது. 22-ஆம் தேதி பெரிய வெடிப்பு. சாம்பல் தூண் 30,000 அடிக்கு மேல் போனது.

மாமா தலையாட்டினார். "நான் கல்ல வைக்கலாம்னு சொன்னேன் பாருங்க. அதேதான்."

மூன்றாம் நாள் – ஞாயிறு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். எழுத நிறைய இருக்கிறது.

பூங்காவின் குறுக்கே 30 மைல் மலைச்சாலை. 8,512 அடி வரை ஏறும். சில வருஷங்களில் ஜூலை வரைகூடப் பனி வெட்டி முடிந்திருக்காது. வழியில் 'அழிந்த பகுதி' என்றே பெயர் வைத்த ஒரு இடம். 1915-இன் சேறும் பாறையும் காட்டைத் துடைத்துக்கொண்டு போன பாதை. இப்போது அங்கே பைன் மரங்கள் நிற்கின்றன. பெரிய பாறை ஒன்று, மலை உச்சியிலிருந்து புரண்டு வந்தது. வந்து சேர்ந்து நாட்கள் ஆன பிறகும் தொட முடியாத சூடாக இருந்ததாம். மகள் தொட்டுப் பார்த்து, "ஆறிடுச்சு" என்று அறிவித்தாள்.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகின. ஹெலன் ஏரியின் நீலம் நம்பும்படி இல்லை. ஊற்றுப் பேனா மை போல என்றார் மாமா. அதுதான் சரி. 1864-இல் லாசென் மேல் ஏறிய ஹெலன் டானர் பிராட் என்ற பெண்ணின் பெயர். அந்தக் காலப் பாவாடையோடு எப்படி ஏறினார் என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்து பம்பஸ் ஹெல் நடைபாதை, போக ஒன்றரை மைல். மாமாவுக்கு 68 வயது. ஏறக்குறைய 8,000 அடியில் மூச்சு வாங்கும் என்று பயந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நானே மூச்சு வாங்குகிற மாதிரி நின்றேன். மூன்றாவது தடவை அவர் சொன்னார்: "எனக்காக நிக்காதீங்க மாப்பிள்ளை. நாப்பது அடிக் கம்பத்துல இடுப்புக் கயித்தோட நின்ன ஆளு." அதற்குப் பிறகு நின்றது உண்மையிலேயே எனக்காக.

முதலில் வாசனைதான் வந்தது, அழுகிய முட்டை வாடை. மகள் சட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். திருப்பத்தில் பாதை கீழே இறங்க, சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த ஒரு கிண்ணம் முழுக்கப் புகை. 16 ஏக்கர். மரப்பலகை நடைமேடை அதன் நடுவே போகிறது. ஒரு பக்கம் சாம்பல் நிறச் சேறு, களி கிண்டும்போது வருமே, அந்த 'பொளக்… பொளக்' சத்தத்தோடு குமிழிடுகிறது. குமிழ் மெதுவாக எழும்பி, பளபளத்து, கொஞ்சம் யோசித்து, பிறகு உடைகிறது. இன்னொரு பக்கம் பச்சைக் கலந்த நீலக் குளம், ஓரத்தில் மஞ்சள் கந்தகம். பைரைட் என்ற கனிமம் மிதக்கும் கறுப்பு நுரை. எல்லாவற்றுக்கும் பின்னால் 'பெரிய கொதிகலன்' என்று பெயரிட்ட ஆவித் துளை. பஸ்ஸில் காற்றழுத்த பிரேக் விடும் சத்தம் இருக்கிறதே, அது நிற்காமல் வந்தால் எப்படியோ அப்படி. 1988-இல் அளந்தபோது அதன் ஆவி 161 டிகிரி.

"நம்ம குக்கர் 120 தானே?" என்றார் மாமா.

"ஆமாங்க."

"அப்ப இதுல வச்சிருந்தா வெந்திருக்கும்."

அந்தப் பருப்பு என்னைவிட அவர் மனதில்தான் ஆழமாக உட்கார்ந்திருந்தது போல.

மழையும் பனியும் ஆழத்துக்கு இறங்கி, கீழே இன்னும் சூடாக இருக்கும் பாறையில் பட்டு ஆவியாகித் திரும்புகின்றன. இங்கே மேலே மூடி இல்லை, அதனால் வெடிப்பதில்லை. விசிலடித்துக்கொண்டே இருக்கிறது. வெயிட் இல்லாத குக்கர். இந்த ஒப்புமையை நானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொன்னேன். மகள், "அதத்தான் தாத்தா நேத்துலேர்ந்து சொல்றாரு" என்றாள்.

பெயர் வந்த கதை தனி. கெண்டல் வான்ஹூக் பம்பஸ் என்பவர் இந்த இடத்தை வெளியாட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர். 1865-இல் ஆட்களைக் கூட்டி வந்தபோது, மேலே கெட்டியாகத் தெரிந்த மண் ஓடு உடைந்து கால் கொதிக்கும் சேற்றுக்குள் போனது. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. வழிகாட்டியின் காலைத்தான் அது பிடித்தது என்பதை, பலகையை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்கப் போன ஒரு இளைஞனைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். அவன் அம்மா கத்தினார். எந்த மொழி என்று புரியவில்லை. அர்த்தம் புரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். தூரத்துச் சரிவுகளில் காடு இல்லை. கறுத்த குச்சிகள் மட்டும், சீப்பின் பற்கள் போல, மலை மலையாக. 2021 டிக்ஸி தீ. ஜூலை 13-இல் பிடித்து, ஏறக்குறைய 9,63,000 ஏக்கரைத் தின்றது. இந்தப் பூங்காவில் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதன் வாயில் விழுந்தது. நாங்கள் தங்கியிருக்கும் ஏரிப் பக்கம் தப்பித்தது.

"எப்படிப் புடிச்சது?" என்றார் மாமா.

மின்கம்பியில் ஒரு மரம் சாய்ந்துதான் என்றேன்.

அவர் அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. இரும்புத் தடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், சொன்னார்: "மாசம் ஒரு நாள் காலையில ஒம்பது மணிக்கு லைன ஆஃப் பண்ணிட்டுக் கிளை வெட்டப் போவோம். போன் மேல போன். எப்ப வரும், எப்ப வரும்னு. திட்டாத ஆளு கெடையாது. ஒரு வாட்டி ஒரு தோட்டத்துக்காரரு அருவாள எடுத்துக்கிட்டே வந்துட்டாரு, என் தென்னை மட்டைய வெட்டாதன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு மரம்."

மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்து நானும் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சொல்லவில்லை.

ராத்திரி. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பெர்சீட் எரிகற்கள் வரும் சமயம். நிலா இல்லை. பத்து மணிக்கு லாந்தரை அணைத்துவிட்டு ஏரிக் கரைக்குப் போனோம். ஸ்லீப்பிங் பேக்கை விரித்து மல்லாந்து படுத்தோம். கண் பழக இருபது நிமிஷம் ஆனது. பழகின பிறகு பால்வீதி. வானத்தில் ஒரு கோடாகத் தெரியும் என்று நினைத்தால், இல்லை. திட்டுத் திட்டாக, நடுவில் கறுப்புப் பிளவோடு, மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேலே போனது. ஏரியிலும் அது இருந்தது. முதல் எரிகல்லை மகள் பார்த்தாள். இரண்டாவதை எல்லாரும் பார்த்தோம், மலையை நோக்கி நீண்ட கோடு. 31 வரை எண்ணிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

"எங்க ஊர்ல எழுபதுல இம்புட்டும் தெரிஞ்சது" என்றார் மாமா இருட்டுக்குள்ளிருந்து. "களத்துல படுத்தா இதே மாதிரி. அப்புறம் தெருவுக்கு ட்யூப் லைட் போட்டோம்."

"நீங்களா மாமா?"

"நாந்தான். மொதக் கம்பத்துல ஏறி மாட்டினது நாந்தான்." வருத்தமா பெருமையா என்று இருட்டில் முகம் தெரியவில்லை. குரலை வைத்துச் சொன்னால் பெருமைதான்.

நான்காம் நாள் – திங்கள்

மழை. மதியம் மலைக்குப் பின்னாலிருந்து இடியோடு வந்தது. கயாக் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இந்த ஏரியில் மோட்டார் படகு கிடையாது என்பதால் துடுப்புச் சத்தம் மட்டும்தான் இருந்தது, பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மற்ற நேரமெல்லாம் கேபின். கூரையில் மழை, மூலையில் ஹீட்டர், மேல் கட்டிலில் மகள், கீழே நாங்கள் மூவரும் ரம்மி. டென்டாக இருந்திருந்தால் இந்நேரம் ஃப்ரீமாண்ட்டுக்குக் கிளம்பியிருப்போம். வாடகை எதற்கு என்பது மாமாவுக்கும் அப்போது விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. மூன்று ஆட்டம் அவரே ஜெயித்தார். லாந்தர் வெளிச்சத்தில் அவருக்கு மட்டும் எப்படிச் சீட்டுகள் தெரிகின்றன என்று மனைவி சந்தேகப்பட்டாள்.

மாலை மழை விட்டதும் கேபினுக்குப் பக்கத்தில் இருந்த ஜெஃப்ரி பைன் மரப் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்தோம். வெனிலா வாசனை, சத்தியமாக. மாமா மட்டும் வெல்லப் பாகு என்றார். எதிர்க் கேபின்காரர் நான்கு பேர் மரத்தை முகர்வதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், தானும் வந்து முகர்ந்துவிட்டுப் போனார்.

ராத்திரி பருப்புப்பொடிச் சாதம்.

ஐந்தாம் நாள் – செவ்வாய்

பதினொரு மணிக்குள் சாவியைக் கொடுத்துவிட முடிவு. கரடிப் பெட்டியைக் காலி செய்தோம். கரடி வரவில்லை. மகளுக்கு ஏமாற்றம். அணில் ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்து மேசையடியில் ரோந்து போய்க்கொண்டிருந்தது. மான், வாத்து, நீலக் கொண்டைக் குருவி எல்லாம் நோட்டில் எழுதியவள் கடைசியில் 'கரடி – 0' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

மிச்ச அரிசி டப்பாவில் கால்வாசிக்கு மேல் இருந்தது. டப்பா கூலருக்குள் நுழையவில்லை. மனைவி அரிசியைக் கவரில் கொட்டினாள். பாதி கொட்டும்போது 'டொங்' என்று ஒரு சத்தம்.

நால்வரும் திரும்பிப் பார்த்தோம். கவருக்குள், அரிசியின் மேல், வெயிட். சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று, நான்கு நாளாக எங்கேயும் போகாமல் இருந்த முகத்தோடு.

மாமா அதை எடுத்துத் துடைத்து, குக்கர் மூடியில் மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. பிறகு கழற்றித் திருநீற்றுச் சம்படம் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஷாஸ்டா அணை. வடக்கே கொஞ்சம் சுற்றுதான். ஆனால் 602 அடி உயர அணையைப் பார்க்காமல் மாமாவை ஃப்ரீமாண்ட்டுக்குக் கூட்டிப்போனால் பாவம். கீழே மின் நிலையம், அங்கிருந்து மலையேறிப் போகும் கோபுரங்கள். ஐந்து நாளில் இப்போதுதான் அவர் கண்ணில் அந்த வெளிச்சம். கம்பிகளை எண்ணினார், எந்த வோல்டேஜ் என்று இன்சுலேட்டர் தட்டுகளைப் பார்த்தே மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நாங்கள் மூவரும் நிழலில் உட்கார்ந்து தர்பூசணி தின்றோம். இரண்டு மணி நேரம்.

அங்கே சிக்னல் இருந்தது. மனைவி அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எடுத்த எடுப்பில் கேட்டாள்: "அம்மா, குக்கர் வெயிட்டை அரிசிக்குள்ளயா போட்டு வச்ச?"

"ஆமா, தொலைஞ்சிறக் கூடாதுன்னுதான். ஏன்?"

"இன்னைக்குக் காலையிலதான் கெடைச்சுது. டப்பாவக் கவுக்கும்போது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இன்னைக்குக் காலையிலயா?" என்றார் அத்தை. "அப்ப நாலு நாளா யாருமே சரியாச் சாப்பிடலயா?"